பூமிக்கடியில் எடுத்த படம் யாருடைய சொத்து?

தியாகராய நகரில் நமது தோழர்கள் மாதம் ஒருமுறை கூடிப் படித்து விவாதிக்கும் வட்டம் ஒன்று உண்டு. சென்ற கூட்டத்தில் பொறியியல் பயிலும் இளந்தோழர் ஒருவர் எழுந்து, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: "தோழரே! பொதுத்துறையைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். எண்ணெய்க் கழகம் பொதுத்துறை. விஞ்ஞானத்தைப் போற்றுகிறவர்கள் நாம் என்கிறோம். நில அதிர்வு ஆய்வு விஞ்ஞானம். அப்படியிருக்க, அந்த ஆய்வுக் குழுவின் வண்டி தஞ்சைச் சீமைக்குள் நுழைந்தால் நாமே போய் மறிக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?"

சிலர் முகம் சுளித்தனர். "தம்பி முதலாளிப் பத்திரிகைகளை அதிகம் படிக்கிறார்" என்று ஒருவர் முணுமுணுத்தார். முணுமுணுத்தவரிடமும் விடை இல்லை என்பதை நான் கவனித்தேன். கேட்டவரை ஏளனம் செய்து உட்கார வைப்பது எளிது. அந்த எளிய வேலையை எதிரிகள் செய்யட்டும். "வளர்ச்சிக்கு விரோதிகள், விஞ்ஞானத்துக்குச் சத்துருக்கள்" என்று டில்லியில் உள்ளவர்கள் நம்மீது வீசும் பழியும் இதே கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே விடை சொல்லியே தீரவேண்டும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? விரலை மடக்கிப் பானையைத் தட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. பூமியை அவ்விதம் தட்டிக் கேட்பதற்கே நில அதிர்வு ஆய்வு என்று பெயர். களத்தில் இருப்போர் சீஸ்மிக் என்பார்கள். வயலில் ஒல்லியான ஆழ்துளை ஒன்று போட்டு, அதனடியில் சில கிலோ வெடிமருந்தை வைத்து வெடிக்கிறார்கள். சாலை வசதியுள்ள இடமானால், கனத்த வண்டி ஒன்று தன் இரும்புத் தகட்டைத் தரையில் அழுத்தி நிலத்தை நடுங்கச் செய்கிறது. கடலிலோ, கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் அழுத்தக் காற்றை நீருக்குள் பாய்ச்சி முழங்குகின்றன. அதிர்வு கீழே இறங்குகிறது. ஒருவகைப் பாறை முடிந்து வேறுவகைப் பாறை தொடங்கும் எல்லையில் அதன் ஒரு பகுதி எதிரொலியாக மேலே திரும்புகிறது. தரையில் வரிசையாக ஊன்றிய ஜியோபோன் என்னும் சிறு கருவிகள் (ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும்தான் அவற்றின் உள்ளடக்கம்) அதை மின்துடிப்பாக மாற்றிப் பதிவு செய்கின்றன.

கணக்கும் கடினமானதன்று. எதிரொலி போய்த் திரும்ப இரண்டு விநாடி. பாறைக்குள் அதிர்வின் சராசரி வேகம் விநாடிக்கு மூன்று கிலோமீட்டர். ஆகவே அந்தப் பாறை மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பனகல் பூங்காவிலிருந்து ஏறத்தாழச் சைதாப்பேட்டை வரையுள்ள தூரத்தைச் செங்குத்தாகப் பூமிக்குள் இறக்கிப் பாருங்கள். அந்த ஆழத்தை இரண்டு விநாடியில் தொட்டுத் திரும்பிவிடுகிறது மனிதனின் அறிவு! ஆயிரமாயிரம் இடங்களில் இப்படித் தட்டி, கோடிக்கணக்கான எதிரொலிகளைக் கணிப்பொறியில் அடுக்கினால், பல்லாயிரம் சதுர மைல் நிலத்தின் அடிவயிறு படமாக விரிகிறது. இதைக் கண்டு வியக்காதவன் மனிதனல்லன். இதைச் சூனியம் என்று தூற்றுகிறவன் நமது கட்சியினன் அல்லன்.

ஆனால் அந்தப் படம் எண்ணெயைக் காட்டாது. எண்ணெய் தங்கக்கூடிய மடிப்பை, மேட்டை, பிளவை மட்டுமே காட்டும். வீடு இருக்கிறது என்று சொல்லும். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதைக் கதவைத் திறந்துதான் பார்க்கவேண்டும். துரப்பணக் கிணறு தோண்டுவதே கதவைத் திறப்பது. எனவே படம் எடுப்பதும் கிணறு தோண்டுவதும் ஒரே வேலையின் முற்பாதியும் பிற்பாதியும். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் டில்லி ஆடிய சித்து விளையாட்டைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

இந்த வித்தை எங்கே பிறந்தது? முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் என்றே சொல்லலாம். எதிரியின் பீரங்கி எங்கே மறைந்திருக்கிறது என்பதை நிலத்தின் அதிர்வைக் கொண்டு கண்டறிய ஜெர்மனியில் மின்ட்ராப் முயன்றார். அமெரிக்காவில் கார்ச்சரும் அத்தகைய வேலையில் இருந்தார். போர் முடிந்தது. 1921இல் ஓக்லஹோமாவில் கார்ச்சரின் குழு எதிரொலி முறையைச் சோதித்துப் பார்த்தது. மின்ட்ராப்பின் கம்பெனி அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் உப்புக் குன்றுகளைத் தேடி, 1924இல் வெற்றி கண்டது. அன்றுமுதல் எண்ணெய் ஏகபோகங்கள் பூமியின் படத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டக் கற்றுக்கொண்டன. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. குத்தகைக் காகிதத்தை நீட்டுகிற கம்பெனிக்குத் தெரியும். அறியாதவனிடம் அறிந்தவன் செய்யும் பேரத்துக்கு வியாபாரம் என்று பெயர் சூட்டினார்கள்!

இந்தியா இந்தப் பொறியில் சிக்கவிருந்தது. நாடு விடுதலை பெற்ற வேளையில் எண்ணெய் வாணிபம் முழுவதும் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பெனிகளின் கைப்பிடியில் இருந்தது. வங்காளத்தில் ஸ்டான்வாக்குடன் கூட்டுச் சேர்ந்து தேடிய சர்க்கார், 1960 வரை வறண்ட கிணறுகளையே கண்டது. ஆனால் அதற்கு முன்னரே வேறொரு பாதை திறந்திருந்தது. 1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானம் எண்ணெயை அரசுக்கே உரிய தொழில்களின் பட்டியலில் வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கமிஷன் அமைந்தது. அமைச்சர் கேசவ தேவ மாளவியா சோவியத் நாட்டின் துணையை நாடினார். காலினின் தலைமையில் நிபுணர் குழு வந்தது. இவர்களுக்கு எண்ணெய் எங்கே கிடைக்கப் போகிறது என்று அந்நியக் கம்பெனிகளும் அவற்றின் உள்நாட்டு ஊதுகுழல்களும் நகைத்தன. 1958இல் காம்பேயில் எண்ணெய் கண்டார்கள். 1960இல் அங்கலேஸ்வரத்தில் கண்டார்கள். 1960களின் நடுவில் "அகாடமிக் ஆர்காங்கெல்ஸ்கி" என்னும் சோவியத் ஆய்வுக் கப்பல் மேற்குக் கடலைத் தட்டிக் கேட்டு, பம்பாய்க்கு அப்பால் பெருமேடு ஒன்று புதைந்து கிடப்பதைக் காட்டியது. 1974 பிப்ரவரியில் "சாகர் சாம்ராட்" அங்கே துளையிட்டது. பம்பாய் ஹை பிறந்தது. நகைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நமது காவிரிப் படுகையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக்கிடந்து பிரிந்த பழங்காலத்தில் நிலம் பிளந்து உண்டான பள்ளம் இது. கரையில் மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். மேலே பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையான வயல். ஒரு கல் அகப்படாத வண்டல். கீழேயோ மேடும் பள்ளமும் மாறி மாறிக் கிடக்கின்றன. கும்பகோணம் முதல் மாதானம் வரை ஒரு பாறை முகடு. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வழியே மற்றொன்று. இடையிடையே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் படிவுகள் நிரம்பிய பள்ளங்கள். மண்வெட்டி பிடித்த தலைமுறைகள் கனவிலும் காணாத இந்தப் புதையுண்ட மலைகளை வெளிப்படுத்தியதில் பெரும்பங்கு நில அதிர்வு ஆய்வுக்கு உண்டு. காரைக்காலில் 1964இல் முதல் கிணறு தோண்டினார்கள். கோவில்களப்பாலிலும் நரிமணத்திலும் எண்ணெய் கண்டது 1980களின் நடுவில்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம்! எந்த முதலாளி இருபது ஆண்டு லாபமின்றிக் காத்திருப்பான்? காத்திருந்தது மக்களின் கருவூலம். வயலில் கம்பியைச் சுமந்து நடந்தவன் தொழிலாளி. வரப்பை மிதிக்கவிட்டு வழி கொடுத்தவன் விவசாயி. இவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்ததே அந்தப் படம்.

இளந்தோழருக்கு நான் சொல்லும் விடை இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படம் இன்று யாரிடம் இருக்கிறது?

1991க்குப் பிறகு டில்லியில் காற்று திசை மாறியது. பொதுத்துறை தேடிக் கண்டுபிடித்த பன்னா, முக்தா, தாப்தி எண்ணெய், எரிவாயு வயல்கள் 1994 டிசம்பரில் ஒரு கூட்டுக்குக் கைமாறின. கண்டுபிடித்த எண்ணெய்க் கழகத்துக்கு நூற்றுக்கு 40, என்ரானுக்கு 30, ரிலையன்ஸுக்கு 30. தேடும் காலத்தின் செலவும் தோல்வியும் பொதுமக்களுக்கு. கண்டபின் கனியில் பாதிக்கு மேல் தனியாருக்கு! 1999இல் புதிய உரிமக் கொள்கையின்படி முதல் ஏலம் வந்தது. 2016இல் வந்த கொள்கை இன்னும் தாராளமானது. எந்த இடம் வேண்டும் என்பதைக் கம்பெனியே படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். விலையும் அவர்கள் விருப்பம்.

படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், படம் எடுக்கும் செலவு யாருடையது? அதே 2016இல் டில்லி சர்க்கார் தேசிய சீஸ்மிக் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதுவரை ஆராயாத படிவுப் படுகைகளில் 48,243 கிலோமீட்டர் நீளத்துக்கு அதிர்வுக் கோடுகள். மதிப்பீடு சுமார் 2,933 கோடி ரூபாய். வேலை பொதுத்துறையின் பொறுப்பில், பணம் பொதுமக்களுடையது. விளைந்த படங்கள் அடுத்த ஆண்டு திறந்த தேசியத் தரவுக் களஞ்சியத்தில் சேர்ந்தன. அது நொய்டாவில் இருக்கிறது. முதலீட்டாளர் பார்வையிட வசதிகள் உண்டு. திருவாரூர் விவசாயி தன் நிலத்தின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அங்கே போய் நின்றால், அவருக்கு நாற்காலி போடுவார்களா?

"மிகைப்படுத்துகிறீர்கள்" என்பார் சிலர். நெடுவாசலை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15ஆம் நாள் மத்திய அமைச்சரவைக் குழு 31 ஒப்பந்தப் பகுதிகளைக் கம்பெனிகளுக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. அவற்றின் பெயரே, "கண்டுபிடிக்கப்பட்ட சிறு வயல்கள்"! கண்டுபிடித்தது யார்? பொதுத்துறை. புதுக்கோட்டை மாவட்டத்து வாணக்கன்காட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் கோட்டைக்காட்டிலும் எண்ணெய்க் கழகம் முன்னரே கிணறு தோண்டி மூடி வைத்திருந்தது. ஆய்வு என்றார்கள், சோதனை என்றார்கள், மண்ணெண்ணெய் கிடைக்கும் என்றார்கள் என்று ஊரார் பழைய கதையைச் சொல்லிச் சொல்லி நொந்தார்கள். ஒருநாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தபோது, தங்கள் ஊர் கர்நாடகத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டதை அறிந்தார்கள். பெண்களும் மாணவர்களும் முதியோரும் மரத்தடியில் அமர்ந்து நாட்கணக்கில் போராடியது விஞ்ஞானத்தின்மீது கொண்ட வெறுப்பினாலா? தம்மைக் கேளாமல் தம் நிலத்தைப் பிறர் எழுதி வாங்கியதை எதிர்த்தல்லவா?

இவ்விடத்தில் இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டும். இது இரு முதலைகள் கதையன்று, ஒரு முதலையும் பொதுமக்களின் குளமும். கிருஷ்ணா, கோதாவரிக் கடலில் எண்ணெய்க் கழகத்தின் பகுதியும் ரிலையன்ஸின் பகுதியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கடலுக்கடியில் வேலி ஏது? கழகத்தின் பக்கத்து எரிவாயு பக்கத்துக் கிணறுகளின் வழியே வெளியேறியது என்று 2015இல் அந்நிய ஆலோசனை நிறுவனம் ஒன்று அறிக்கை தந்தது. சர்க்கார் 155 கோடி டாலர் கேட்டது. 2018இல் நடுவர் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது; 2025 பிப்ரவரியில் டில்லி உயர்நீதிமன்ற அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது; வழக்கு உச்சநீதிமன்றப் படியேறியது. பூமியின் படத்தை யார் முதலில், யார் தெளிவாகப் படிக்கிறார்கள் என்பதில் எத்தனை கோடி தொங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். படம் எடுப்பதும் கிணறு தோண்டுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்று மேலே சொன்னேன். டில்லி சர்க்கார் அந்த இரண்டையும் வெட்டிப் பிரித்தது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில், துளையிடாத ஆய்வுகளுக்கு விலக்கு. ஆக, படம் எடுக்கும்போது மக்களைக் கேட்க வேண்டாம், வெறும் படந்தானே! சரி, சோதனைக் கிணறு தோண்டும்போதாவது கேட்பீர்களா? 2020 ஜனவரி 16ஆம் நாள் ஒரு திருத்தம் வந்தது. தேடுதலுக்கான கிணறுகள் கீழ்வகைப் பட்டியலுக்கு இறங்கின. அங்கே மக்கள் கருத்துக் கேட்பு இல்லை. காரணம் கேட்டால், இது வெறும் சோதனைதானே! முடிவில் எண்ணெய் கண்டு, குழாய் பதித்து, கோபுரம் நட்டு, ஒப்பந்தம் எழுதி, கோடிகள் கொட்டியபின் கருத்துக் கேட்க வருவார்கள். அப்போது என்ன சொல்வார்கள்? இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியுமா என்பார்கள். தாலி கட்டியபின் பெண்ணைச் சம்மதமா என்று கேட்கும் கல்யாணம் இது!

தமிழ்நாட்டு மக்கள் வாளாவிருக்கவில்லை. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை விரட்டினார்கள். கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ஆம் நாள் குழாய் உடைந்து எண்ணெய் வயலில் ஓடியபோது ஊரே திரண்டது. அந்த நிர்ப்பந்தத்தின் விளைவாகவே 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எண்ணெய், எரிவாயுத் தேடுதலும் துளையிடலும் எடுத்தலும் மண்டலத்தில் தடை செய்யப்பட்ட தொழில்கள். நல்லது, வரவேற்றோம். ஆனால் சட்டத்துக்கு முன் தொடங்கிய பணிகளை அது தொடாது. இராமநாதபுரம் மண்டலத்தில் இல்லை. விளைவைப் பார்த்தோமல்லவா? இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 1,403 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சு மாதத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் செய்தி வெளிப்பட்டு எதிர்ப்புக் கிளம்பியபின், அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே கேட்க நேர்ந்தது. மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் அந்த மாவட்டங்களின் கண்மாய்ப் பாசன விவசாயிக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கம்பெனி படத்தைப் பார்த்திருந்தது. அதிகாரி கோப்பைப் பார்த்திருந்தார். விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டவேண்டும். தோழர்கள் சிலர் கிராமக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதிர்வு வெடி வைத்தால் பூகம்பம் வரும், பெரிய கோயில் கோபுரம் சாயும் என்கிறார்கள். வேண்டாம் தோழர்களே! ஆழ்துளையின் அடியில் வைக்கும் சில கிலோ மருந்துக்குப் பூகம்பத்தை எழுப்பும் வல்லமை இல்லை. இப்படிப் பேசினால், எதிரியின் கூலி நிபுணர் ஒருவர் வந்து, ஐந்து நிமிடத்தில் நம்மைப் பொய்யர்களாக்கிவிட்டுப் போவார். நாம் சொன்ன மற்ற உண்மைகளும் அந்தப் பொய்யோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். உண்மையான கேடுகளே போதுமான அளவில் இருக்கின்றன. வெடித்த துளையைக் களிமண்ணிட்டுச் சரியாக அடைக்காமல் போனால், மேல்நிலத்து நீரும் கீழ்நிலத்து நீரும் கலக்க அது வழியாகும். உப்பு நீரும் நன்னீரும் அடுக்கடுக்காகக் கிடக்கும் கடலோரத்தில் இது சிறு விஷயமா? நடவு முடிந்த வயலில் குழு இறங்கினால் கதிர் போகும். இழப்பீடு பட்டாவில் உள்ள பெயருக்கு எழுதப்பட்டால், கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவன் வெறுங்கையோடு நிற்பான். துளை போடுகிறவனும் கம்பி இழுக்கிறவனும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். வெடிமருந்தோடு வேலை செய்யும் அவர்களும் நம்மவர்களே. கடலில் ஆய்வுக் கப்பல் பல கிலோமீட்டர் நீளக் கேபிளை இழுத்துச் செல்லும்போது, விலகிப்போ என்று விரட்டப்படும் மீனவனுக்கு அன்றைய பிழைப்பு போயிற்று. இவற்றைப் பேசுங்கள். இவற்றை எந்த நிபுணராலும் மறுக்க முடியாது.

பூகம்பத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமென்றால், ஆய்வை விட்டுவிட்டு எடுத்தலைப் பற்றிப் பேசுங்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் என்னும் மாகாணம். 1959இல் ஐரோப்பாவின் மிகப்பெரிய எரிவாயு வயல் அங்கே அகப்பட்டது. எரிவாயுவை உறிஞ்ச உறிஞ்ச, அடிப்பாறை அமுங்கி, நிலம் அதிரத் தொடங்கியது. வீட்டுச் சுவர் பிளக்கிறது என்று மக்கள் சொன்னார்கள்; எரிவாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பெரியவர்கள் பல ஆண்டு சாதித்தார்கள். 2012 ஆகஸ்டில் ஹெய்சிங்க ஊரில் 3.6 அளவு அதிர்ச்சி வந்தது. 2023இல் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணைக் குழு, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று எழுதியது. 2024 ஏப்ரலில் சட்டமியற்றி வயலை மூடினார்கள். ஆனால் அந்த நாட்டிடம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. கம்பெனி எடுத்த நிலத்தடித் தரவு பொதுவாக ஐந்து ஆண்டு கழிந்ததும் பகிரங்கமாகிறது. எந்தக் குடிமகனும் பார்க்கலாம். முதலாளித்துவ நாட்டில் முடிகிற காரியம், மக்கள் பணத்தில் படம் எடுத்த நம் நாட்டில் முடியாதா?

தியாகராய நகரவாசிகளுக்கு ஒரு வார்த்தை. பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டுமுன் மண்ணைத் துளைத்து ஆராய்ந்தார்கள். சுரங்கப் பாதையோரக் கட்டடங்களின் நிலையைக் குறித்து வைத்தார்கள். சுவர் சாய்கிறதா, நிலம் தாழ்கிறதா என்று அளக்கக் கருவிகள் வைத்தார்கள். முறையான காரியம், அதிலும் குறைகள் உண்டு, அது வேறு. துணிக்கடையும் நகைக்கடையும் நிற்கும் நிலத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதை நெல் நிற்கும் நிலத்துக்கு ஏன் இல்லை? மனைக்கு விலை கோடி என்பதால் அதன் அடியிலுள்ள மண்ணுக்கு உரிமை முளைத்ததா? நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரைத் தாங்கிய நகரில் நின்று, நீதி சதுர அடிக் கணக்கில்தான் கிடைக்கும் என்று ஒப்புக்கொள்ளப் போகிறோமா?

நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேல் இறக்குமதி, ஆகவே கிடைத்த இடத்திலெல்லாம் தோண்ட வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகை முழுவதையும் சல்லடையாக்கினாலும் அந்தப் பள்ளம் தூராது. நரிமணத்து எண்ணெய்க்காக நாகப்பட்டினம் மாவட்டத்துப் பனங்குடியில் 1993இல் தொடங்கிய ஆலையின் தொடக்கத் திறன் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன். நாட்டின் ஆண்டுத் தேவையோ இருபது கோடி டன்னுக்கு மேல். பசிக்கு எள்ளுருண்டை! அதற்கு விலையாகக் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் நிலத்தைக் கேட்கிறார்கள்.

எனவே, இளந்தோழரே, நாம் மறிப்பது ஜியோபோனை அன்று. மக்களின் காசில், மக்களின் வயலில், மக்களுக்குத் தெரியாமல் எடுத்து, மக்களுக்குக் காட்டாமல் விற்கும் முறையை மறிக்கிறோம். தமிழ்நாட்டு அரசிடம் நாம் கேட்பவை தெளிவானவை. வேளாண் மண்டலச் சட்டத்தின் விதிகளில், தேடுதல் என்ற சொல்லுக்குள் அதிர்வு ஆய்வும் அடங்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதட்டும். இராமநாதபுரத்தையும் அரியலூரையும் மண்டலத்துக்குள் கொண்டுவரட்டும். நிலத்தடி நீருக்காகவோ விஞ்ஞான ஆராய்ச்சிக்காகவோ ஆய்வு தேவைப்படும் இடங்களில், கிராம சபையின் ஒப்புதலோடு, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நம் கல்விச் சாலைகளின் கையால் அது நடக்கட்டும். ஒப்புதல் அளித்த ஊருக்கு அதன் படமும் விளக்கமும் தமிழில் போய்ச்சேரட்டும். டில்லியிடம் கேட்பது ஒன்று: காவிரிப் படுகையில் இதுவரை எடுத்த படங்கள் அனைத்தையும் பகிரங்கமாக்கு.

கிளைகளுக்குச் சில காரியங்கள் உண்டு. சம்பா அறுவடை முடிந்து வயல் தரிசாகும் தை, மாசி மாதங்களே ஆய்வுக் குழுக்களுக்கு வசதியான காலம். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்பே, உங்கள் ஊரில் பழைய அதிர்வுத் துளைகளும் மூடிய எண்ணெய்க் கிணறுகளும் எங்கெங்கே உள்ளன என்று முதியவர்களைக் கேட்டு, சர்வே எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழு வந்தால் கைகலப்பு வேண்டாம். கூலித் தொழிலாளியை ஒரு கடுஞ்சொல்லும் சொல்ல வேண்டாம். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கோட்டின் எண் என்ன, துளையின் ஆழம் என்ன, மருந்தின் எடை என்ன, அடைக்கும் பொறுப்பு யாருடையது, குத்தகைதாரர் பெயர் பட்டியலில் உண்டா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தராவிட்டால் வண்டி வரப்பைத் தாண்டக்கூடாது. குறித்து வைத்த சர்வே எண்களை மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். நொய்டாவில் பூட்டிக் கிடக்கும் படம் வந்துசேரும்வரை, நம் கையால் வரைந்த படம் ஒன்றாவது நம்மிடம் இருக்கட்டும்.